புல்தரையும் மஞ்சள் வட்டமும்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சீமான்களின் மாளிகைப் புல்வெளியை மட்டமாக வைத்திருந்தவை ஆட்டு மந்தையும் நீண்ட பிடி போட்ட அரிவாளும்தான். மந்தை மேய்ந்து, புழுக்கையும் மூத்திரமும் விழுந்த அந்தத் தரையில் நாய் மூத்திரம் பெய்த இடம் தனியாகக் கண்ணில் பட வழியில்லை.

1830இல் குளொஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் பக்கத்தில் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியில் துருத்தி நிற்கும் இழைகளைக் கத்தரிக்கும் ஆலை உருளையைப் பார்த்துச் செய்தது அது. துணி போன்ற புல்தரை மெல்ல மெல்ல நடுத்தர வீடுகளுக்கும் வந்தது. நியூயார்க் அருகே 1947இல் எழத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில் வாரம் ஒருமுறை புல் வெட்டுவது வீட்டுக்காரரின் கடமை என்றே விதி இருந்தது. ஒரே பச்சை, ஒரே உயரம். நாய் மூத்திரம் சேதமாகத் தெரிந்தது இப்படிப்பட்ட தரையில்தான்.

சேதத்துக்குக் காரணம் யூரியா. உர மூட்டையில் வருகிற அதே பொருள். ஒரு கை உரத்தை ஓரிடத்தில் கொட்டினால் பயிர் என்னவாகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. நடுவில் உள்ளங்கையளவு புல் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடக்கும். சுற்றிலும் மற்றப் புல்லைவிடக் கரும்பச்சையாக, உயரமாக ஒரு வளையம். நடுவில் உரம் மிஞ்சிவிட்டது, ஓரத்தில் அளவாகச் சேர்ந்தது. உரம் போட்டுப் போற்றி வளர்த்த தரைதான் முதலில் கருகும் என்பது வேடிக்கை. பெட்டை நாய் உட்கார்ந்து மொத்தத்தையும் ஓரிடத்திலேயே விடுவதால் பழி அதன்மேல் விழுந்தது. அதன் மூத்திரத்தில் தனி நஞ்சு எதுவும் இல்லை.

நாயின் தீனியில் தக்காளிச் சாறும் சமையல் சோடாவும் கலக்கும் கைவைத்தியங்கள் பரவின. கொலராடோவின் கால்நடை மருத்துவர் வெய்ன் அல்லார்டு, பின்னாளில் அமெரிக்க செனட்டர் ஆனவர், நான்கு வகைப் புல்லில் நாய் மூத்திரத்தை ஊற்றிப் பார்த்து 1981இல் முடிவை வெளியிட்டார். ஃபெஸ்கியூவும் ரை புல்லும் ஓரளவு தாங்கின. கென்டக்கி நீலப்புல்லும் பெர்முடா புல்லும் எளிதில் கருகின. இந்தப் பெர்முடா வேறொன்றுமில்லை, நம் அறுகம்புல்தான்.

பலன் தந்த வைத்தியம் பழையதுதான்: நாய் நகர்ந்ததும் அந்த இடத்தில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவது. கருகிய பிறகு காய்ந்ததைச் சுரண்டி, மண்ணை நனைத்து, புது விதை தூவ வேண்டும். அறுகுக்கு அதுவும் தேவையில்லை. ஓரத்திலிருந்து தண்டு ஓடிவந்து வட்டத்தைத் தானே மூடிவிடும்.