ஷைலாக் வேடம்

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வர்த்தகன்’ நாடகத்தில் ஷைலாக் என்னும் யூதன் ஐந்தே காட்சிகளில் தோன்றி, நான்காம் அங்கத்தின் நியாயஸ்தலக் காட்சியோடு மறைந்துவிடுகிறான். ஆயினும், அவன் கொடியவனா, கொடுமைக்கு ஆளானவனா என்ற விவாதம் அந்நாடகத்தின் மற்றெல்லாப் பாத்திரங்களையும் பின்னே தள்ளிவிட்டது. 1290-இல் யூதர்களைத் தேசப்பிரஷ்டம் செய்த இங்கிலாந்து, 1656-க்குப் பிறகே அவர்களைப் பகிரங்கமாக வாழவிட்டது. ஆகவே, நாடகம் 1600-இல் அச்சேறிய காலத்தில், யூதரோடு நேரில் பழகியவர் சபையில் மிகச் சிலரே இருந்திருக்கக்கூடும்.

1701-இல் கிரான்வில் என்பவர் திருத்தி எழுதிய பிரதியில் டாகெட் என்னும் விகடநடிகர் ஷைலாக்காக வந்து மக்களைச் சிரிக்கவைத்தார். அந்தச் சிரிப்பை 1741 பிப்ரவரி 14 அன்று டுரூரி லேன் அரங்கில் அடக்கியவர் சார்லஸ் மாக்லின். வெனிஸ் யூதர்கள் சிவப்புத் தொப்பி அணிந்தனர் என்று படித்தறிந்து தாமும் அதை அணிந்த அவர், ஷைலாக்கைக் குரூரனாகவே காட்டினாலும், கோமாளியாகக் காட்டவில்லை.

1814 ஜனவரி 26 அன்று, வெளியூர் மேடைகளில் வறுமையோடு அலைந்து திரிந்த எட்மண்ட் கீன், அதே அரங்கில், சொற்பமான சபையோர் முன்னிலையில், வழக்கமான செந்நிறப் பொய்மயிரை ஒதுக்கிவிட்டுக் கருமயிரோடு வந்து நின்றார். அவரைக் கண்ட விமர்சகர் ஹாஸ்லிட், தள்ளாடும் கிழவனை எதிர்பார்த்துச் சென்ற தாம், பின்னர் மூலநூலைப் புரட்டியபோது, அந்த எண்ணம் ஏனைய நடிகர்களிடமிருந்து பெற்றதேயன்றி நூலிலிருந்து பெற்றதன்று என உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். பண்டிதர் பார்க்கத் தவறியதை நடிகர் பார்த்தார் என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

1879-இல் லைசியம் அரங்கில் ஹென்றி இர்விங் ஒரு படி மேலே சென்றார். மகள் ஜெஸிக்கா காதலனோடு ஓடிப்போன பின், முகமூடிக் கும்பலின் ஆரவாரம் அடங்கியதும், ஷைலாக் விளக்கோடு பாலத்தைக் கடந்து ஆளற்ற தன் வீட்டுக்குத் திரும்பி வருவான், திரை விழும். மூலத்தில் இல்லாத இக்காட்சி கண்டோர் நெஞ்சை உருக்கியது உண்மையே. எனினும், கவி வைத்த துயரம் வேறோரிடத்தில் இதனினும் ஆழமாக இருக்கிறது என்பது என் துணிபு. ஜெஸிக்கா ஒரு மோதிரத்தைக் கொடுத்துக் குரங்கு வாங்கினாள் என்று நண்பன் தூபால் சொல்ல, அது விவாகத்திற்கு முன் மனைவி லேயா தனக்களித்தது என்று ஷைலாக் பதறுகிறானே, பொன்னையே ஜபித்துவந்தவன் என்று நாம் எண்ணியிருந்தவன் அங்கே ஒரு க்ஷணத்தில் கணவனாகிவிடுகிறான். அந்த வாக்கியத்தைச் செம்மையாகச் சொல்லத் தெரிந்த நடிகனுக்குப் பாலமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.