பெட்டி தேடுகிறவர்களின் மரியாதை



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், கையில என்ன பச்சைப் பெட்டி? புதையலா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். சித்தி பேரன் ஒருவன் "வெடிகுண்டா பெரியம்மா?" என்றும் கேட்டிருந்தான். அவன் கேட்டதிலும் ஒரு வரலாறு இருக்கிறது, பின்னால் வருகிறேன். கமெண்டில் பதில் சொல்லி முடியாது என்பதால் தனியாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் பொறுத்துக்கொண்டவர்கள் இங்கேயும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஜியோகேஷிங் என்ற விளையாட்டுக்கான பெட்டி. அமெரிக்க ராணுவம் துப்பாக்கி ரவை போட்டு வைத்துக் கழித்த இரும்புப் பெட்டி. மழைநீர் உள்ளே புகாது. ஒருவர் அதைக் காட்டிலோ பூங்காவிலோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். உதவியோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் "இந்தக் கோடெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கு நாற்பது வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன்.

இந்த விளையாட்டு பிறந்த தேதி துல்லியமாகத் தெரியும். அதுவரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரைகூடத் தள்ளியிருக்கும். 2000 மே மாதம் முதல் தேதி, அந்தப் பிழையை நிறுத்துவதாக அதிபர் கிளின்டன் அறிவித்தார். அன்றிரவே நிறுத்தினார்கள். ஒரே இரவில் உலகத்தில் இருந்த எல்லா ஜி.பி.எஸ். கருவிகளும் சுமார் பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன. மே 3ஆம் தேதி, ஆரகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் உல்மர் என்ற கணினிக்காரர் ஒரு வாளியை மண்ணில் பாதி புதைத்து வைத்து, அதன் இருப்பிடத்தை இணையக் குழு ஒன்றில் எழுதினார். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், புத்தகம், வீடியோ, மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் அவரை. விதி ஒன்றே ஒன்று: ஏதாவது எடுத்தால் ஏதாவது வைத்துவிட்டுப் போங்கள். மூன்று நாளுக்குள் மைக் டீக் என்பவர் கண்டுபிடித்துவிட்டார்.

முதலில் இதற்கு வேறு பெயர். ஆங்கிலத்தில் 'ஸ்டாஷ்' என்றார்கள். அது கஞ்சா பதுக்குகிறவர்களின் சொல்லாக இருக்கிறதே என்று தயங்கி, அதே மே மாதக் கடைசியில் மாட் ஸ்டம் என்பவர் ஜியோகேஷிங் என்ற பெயரை முன்வைத்தார். பெயரிலேயே மரியாதை பார்த்திருக்கிறார்கள் பாருங்கள். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது உலகம் முழுவதும் சேர்த்து 75 பெட்டிகள். 2010இல் பத்து லட்சம் ஆகிவிட்டது. நடுவில் 2008இல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒன்றை வைத்துவிட்டு வந்தார். அதைத் தேடிப் போவது நம்மால் ஆகாது!

ஆனால் இதற்கு ஒரு பாட்டி உண்டு. அதை அமெரிக்கர்களே பலர் சொல்வதில்லை. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்று ஒரு பெரிய பொட்டல் மேட்டுநிலம். சதுப்பும் பாறையுமாக இருக்கும். அங்கே வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட், 1854இல் கிரான்மியர் குளம் என்ற, போய்ச் சேரவே கஷ்டமான இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். பிற்காலத்தில் இன்னொரு பழக்கம் வந்தது. வந்தவர் தன் விலாசம் எழுதிய தபால் அட்டையை அங்கே விட்டுச் செல்வார். அடுத்து எப்போதோ வருகிற முன்பின் தெரியாதவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் லெட்டர்பாக்ஸிங் என்ற பெயரே இதனால்தான் வந்தது. யோசித்துப் பாருங்கள். யாரும் கண்காணிக்கவில்லை. அட்டையைக் கிழித்துப் போட்டால் கேட்பாரில்லை. ஆனாலும் ஒருவர் அதை ஈரம் படாமல் பையில் வைத்து, மைல் கணக்கில் நடந்து, ஊருக்கு வந்து பெட்டியில் போட்டிருக்கிறார். அந்த ஒரு நம்பிக்கையின் மீதுதான் இந்த மொத்த விளையாட்டும் நிற்கிறது.

டார்ட்மூரிலும் பின்னாளில் பெட்டிகள் பெருகிப் பாறைகளுக்கும் பழைய கற்சின்னங்களுக்கும் சேதம் என்று புகார் வந்தது. தொல்சின்னங்களில் வைக்கக் கூடாது, சுவரில் வைக்கக் கூடாது, சிமெண்ட் பூசக் கூடாது என்று நடத்தை விதிகள் எழுதவேண்டியிருந்தது.

இனி நான் சொல்லவந்த விஷயம். மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். 2002 முதல் இந்த விளையாட்டில் இருக்கிறார். என்னையும் பேரனையும் காட்டுக்குள் கூட்டிப் போய்ப் பழக்கியவர் அவர்தான். அவரோடு நடந்தால் பாதி நேரம் குறைதான். "அந்தக் காலத்தில் மரியாதை இருந்தது, இப்போது இல்லை" என்பார். ஆசிரியர் அறையில் முப்பத்திரண்டு வருடம் கேட்ட அதே ராகம். ஆகவே நான் உடனே தலையாட்டவில்லை.

ஏனென்றால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அந்த முதல் வாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய விதிப்படி அது அனுமதி பெறவே முடியாது. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. உணவுப்பொருள் வைக்கக் கூடாது, கரடியும் எலியும் வந்து கடித்து நாசம் செய்யும். ஆரம்பத்தில் நிலத்துக்காரரைக் கேட்கும் வழக்கமே பெரிதாக இல்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, "இது கேட்பாரற்றுப் போட்ட பொருள்" என்று கறாராக நின்றது. 2005இல் தென் கரோலினா சட்டமன்றத்தில், கல்லறைத் தோட்டங்களிலும் தொல்லியல் இடங்களிலும் அனுமதியின்றிப் பெட்டி வைப்பதைக் குற்றமாக்க ஒரு மசோதாவே வந்தது. கீழவையில் நிறைவேறி மேலவையில் நின்றுபோனது. யாருடைய அப்பா அம்மாவோ படுத்திருக்கிற இடத்தில் விளையாட்டா என்ற கோபம் நியாயமானதுதானே?

இப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் விதிகள் வந்தன. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 161 மீட்டராவது இருக்க வேண்டும். நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். பள்ளிக்கூடம், ராணுவ இடம், ரயில் பாதை பக்கம் போகக் கூடாது. 2002 முதல் 'பெட்டி தேடப் போகிறாய், திரும்பும்போது குப்பையைப் பொறுக்கி வா' என்று ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள். ஆக மண்ணுக்கும் மரத்துக்கும் காட்டும் மரியாதை வருடத்துக்கு வருடம் கூடித்தான் இருக்கிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். 2003இல் தானே ஒரு மரத்தில் ஆணி அடித்ததாகவும் சொன்னார்.

குறைந்திருப்பது ஆட்டக்காரருக்கு ஆட்டக்காரர் காட்டும் மரியாதை. அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

பெட்டி வைப்பவருக்கு இதில் ஒரு பைசா வருமானம் கிடையாது. வாங்க வேண்டும், இடம் தேட வேண்டும், நோட்டு நனைந்தால் போய் மாற்ற வேண்டும். அவருக்குக் கிடைக்கிற ஒரே கூலி, தேடிப் போனவர் வீட்டுக்கு வந்து இணையத்தில் எழுதுகிற குறிப்பு. பெரியவர் தன் பழைய குறிப்புகளைக் காட்டினார். மழையில் வழுக்கியது, மானைப் பார்த்தது, பாட்டியை முதுகில் தூக்கி ஓடையைக் கடந்தது என்று பத்தி பத்தியாக இருக்கிறது. வருடம் ஏற ஏறக் குறிப்பு சுருங்குகிறது. இப்போது நிறையப் பேர் எழுதுவது நான்கே எழுத்து: டி.எஃப்.டி.சி. 'பெட்டிக்கு நன்றி' என்பதன் சுருக்கம். விடைத்தாளில் ஒரு மாணவன் பக்கம் பக்கமாக எழுதியதற்கு, ஆசிரியர் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு டிக் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

பேனா பிடித்து எழுதியவர்களும் இந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்தியவர்கள்தான், போனை மட்டும் திட்டமுடியாது. எண்ணிக்கை ஆசை வந்ததுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் எத்தனை கண்டுபிடித்தார் என்ற எண் நிற்கிறது. எண்ணைக் கண்டால் மனிதனுக்கு ஏற்றத்தான் தோன்றும். மதிப்பெண்ணைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்த எனக்குத் தெரியாதா! 2010இல் நெவாடா மாநிலப் பாலைவனச் சாலை ஒன்றில், வரிசையாக ஆயிரத்துக்கும் மேல் பெட்டிகளை வைத்தார்கள். எல்லாம் கட்டைவிரல் உயரப் பிலிம் டப்பா. காரில் ஒருவர் ஓட்டுவார், ஒருவர் குதித்து இறங்கி எடுப்பார், ஒருவர் முத்திரை குத்துவார். நேரம் மிச்சம் செய்ய இன்னொரு தந்திரம்: இங்கே இருக்கிற டப்பாவை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே முத்திரை குத்திய டப்பாவை வைத்துவிட்டு, எடுத்ததை அடுத்த இடத்தில் வைப்பார்கள். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வை என்ற மூல விதியே போய்விட்டது. அதற்கும் மேலே, தேடிக் கிடைக்காவிட்டால் "தொலைந்திருக்கும்" என்று தானாக ஒரு டப்பாவைப் போட்டுவிட்டு, 'கண்டுபிடித்தேன்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. உண்மையான பெட்டி பத்தடி தள்ளி இருக்கும்.

பண்டமாற்றும் அப்படியே. சமமானதை வை, முடிந்தால் நல்லதை வை, இல்லையென்றால் எடுக்காதே என்பது பழைய மரபு. இன்று பல பெட்டிகளில் கை உடைந்த பொம்மையும் தேதி முடிந்த கூப்பனும்தான். ஊர் ஊராகப் பயணம் போகட்டும் என்று எண் பொறித்து விடுகிற நாணயங்களை அமுக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் கையில் பிடித்திருந்த அந்தப் பச்சைப் பெட்டியில் பேரன் ஒரு பம்பரம் வைத்தான். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் பம்பரம் இல்லை, பதிலுக்கு ஒரு சூயிங்கம் காகிதம்! அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி வெடிகுண்டு. இந்த விளையாட்டு அறியாத பொதுமக்களை இவர்கள் ஹாரி பாட்டர் கதையிலிருந்து சொல் எடுத்து 'மகிள்' என்பார்கள். மகிள் கண்ணில் படாமல் எடுப்பது கெட்டிக்காரத்தனம் என்று தொடங்கியது. ஆனால் 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில், ஒரு காபிக்கடை வாசலில் ஒருவர் பதுங்கிப் பதுங்கி ஏதோ டப்பாவை வைத்ததைப் பார்த்துப் போலீசுக்குச் சொன்னார்கள். தெருவையே காலி செய்து, ராணுவம் வந்து வெடிக்கவைத்தது. உள்ளே இருந்தது விளையாட்டுப் பெட்டி. இதற்குப் பிறகு ஊருக்குள் பெட்டி வைப்பதில் கெடுபிடி அதிகமானது.

நம் பிள்ளைகள் அமெரிக்காவில் இதை ஆடும்போது இன்னொன்றும் இருக்கிறது. புதருக்குள் வெள்ளைக்காரத் தாத்தா குனிந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், நம் நிறத்துப் பையன் குனிந்தால் வேறு மாதிரி பார்ப்பார்கள். என் மருமகனைப் பூங்காவில் ஒரு போலீஸ்காரர் கால் மணி நேரம் விசாரித்தார். பண்பாகத்தான் பேசினார். ஆனாலும் பேரன் முன்னால் நடந்தது. ஆகவே "ரகசியம் காக்க வேண்டும்" என்ற மரபை நம் வீட்டில் எடுத்துவிட்டோம். யார் கேட்டாலும் கையை வெளியே வைத்து, போனைக் காட்டி, உள்ளதைச் சொல்லிவிடுவது.

அதைவிடப் பெரிய துயரமும் நடந்தது. 2018 ஜூனில் பிராக் நகரில் பெட்டி தேடி நிலத்தடி வாய்க்காலுக்குள் இறங்கிய நான்கு பேரைத் திடீர் மழைவெள்ளம் அடித்துப்போனது. இரண்டு பேர் இறந்தார்கள். ஆபத்தான இடத்தில் வைப்பதைச் சாகசம் என்று கொண்டாடுகிற ஒரு கூட்டம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வைத்தவர் வீட்டில் இருக்கிறார், இறங்குகிறவன் யார் பிள்ளையோ.

நல்ல மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010 கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது. கட்டண உறுப்பினர்கள் பத்துப் பெட்டி கண்டுபிடித்தால், பிடித்த ஒரு பெட்டிக்கு ஒரு பாராட்டுப் புள்ளி தரலாம். எண்ணிக்கைக்குப் பதில் தரத்துக்கு ஒரு கணக்கு. அதன் பிறகு மரவேலை, பூட்டு, புதிர் என்று உழைத்துச் செய்த பெட்டிகளுக்குக் கூட்டம் வருகிறது, குறிப்பும் நீளமாக எழுதுகிறார்கள். பெரியவர் இதை ஏற்பதில்லை, "அதுவும் ஒரு எண்தானே" என்கிறார். எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை.

உல்மரின் வாளி இருந்த இடத்தில் 2003இல் ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். மகள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். அந்த அவரை டின் ஆட்டக்காரர்கள் கூடும் நிகழ்ச்சிகளுக்கு வந்து போகிறதாம்.

பெரியவருக்கு இந்த வருடம் எழுபத்தெட்டு. மலையில் வைத்த பெட்டிகளுக்கு இனி ஏறமுடியவில்லை. பராமரிக்க முடியாத பெட்டியை அப்படியே விட்டால் அது குப்பை என்பதில் அவர் பிடிவாதமானவர். மொத்தம் முப்பத்தாறு. பதினொன்றை மற்றவர்கள் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். மீதியை ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் எடுத்து வருகிறோம். அவர் காரிலேயே இருப்பார், பேரனும் மருமகனும் ஏறுவார்கள், நான் கீழே நின்று நோட்டுகளை வெயிலில் காயவைப்பேன். அந்தப் படத்தில் நான் பிடித்திருந்தது ஒன்பதாவது பெட்டி. இன்னும் பதினாறு இருக்கிறது.