படம் கழுவிய கைகள்

இந்த வருடச் சந்திப்புக்குப் பழைய குரூப் போட்டோக்களைச் சேர்த்து ஒரு சின்னக் கண்காட்சி வைக்கலாம் என்று முடிவானதும், "நீ இன்ஜினியர்தானே, நீயே பாத்துக்க" என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இன்ஜினியருக்கும் பழைய போட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது எழுத உட்காரும்போது, நிறையவே சம்பந்தம் இருக்கிறது என்று தெரிகிறது.

வந்து சேர்ந்த படங்களில் கருப்பு வெள்ளைப் படங்கள்தான் எல்லாரையும் நிற்க வைத்தன. கனமான அட்டையில் ஒட்டி, கீழே பெயர்களை வரிசையாக டைப் அடித்து... ஐம்பது வருடத்துக்கு முந்தைய முகங்கள் நேற்று எடுத்தது போல இருக்கின்றன. பின்னால் வந்த கலர் படங்கள்தான் பாதி சிவந்து, பாதி வெளுத்துப் போயிருக்கின்றன. ஒரு அட்டையின் பின்பக்கம் ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்ப் மங்கலாகத் தெரிந்தது. விசாரித்துக்கொண்டு போனேன். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நடத்தியவர் எண்பதை நெருங்கும் பெரியவர், வீட்டில்தான் இருந்தார்.

படத்தைக் கையில் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் தடித்து, கோடு கோடாக வெடித்திருந்தது.

"என்னங்கய்யா இது?"

"மெட்டால், தம்பி. முப்பது வருசம் படம் கழுவின கை. கடையை மூடி எத்தனையோ வருசம் ஆச்சு. இன்னும் சோப்புத் தண்ணி பட்டா அரிப்பு எடுக்குது. அப்போ யாருக்குத் தெரியும்?"

'யாருக்குத் தெரியும்?' என்ற அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. தேடிப் பார்த்தேன். தெரிந்தவர்கள் இருந்தார்கள், அதுவும் ஆரம்பத்திலிருந்தே. தெரிந்த விஷயம் நம்ம ஊர் இருட்டறை வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆரம்பமே விஷம்தான்

1839-ல் பாரிஸில் டாகர் தன் முறையை வெளியிட்டபோது, வெள்ளி பூசிய தகட்டில் படம் தோன்றுவதற்குப் பாதரசத்தைச் சூடாக்கி அந்த ஆவியைக் காட்ட வேண்டியிருந்தது. பாதரச ஆவி நரம்பைக் கெடுக்கும் என்பது தொப்பி செய்யும் தொழிலாளர்கள் மூலம் ஏற்கனவே பேசப்பட்ட விஷயம். அடுத்து 1851-ல் ஆங்கிலேயர் ஆர்ச்சரின் கொலோடியன் முறை வந்தது. வெடிபஞ்சை ஈத்தரிலும் ஆல்கஹாலிலும் கரைத்துக் கண்ணாடியில் ஊற்றி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். படம் நிலைக்கப் பலர் பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைடு! சில்வர் நைட்ரேட் பட்டுக் கருத்துப்போன விரல்களைச் சுத்தம் செய்யவும் அதே சயனைடு கட்டியை எடுத்துத் தேய்த்தார்கள். விரலில் ஒரு கீறல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சயனைடு இல்லாமலே வேலையை முடிக்க 'ஹைப்போ' இருந்தது. சோடியம் தயோசல்ஃபேட் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுபிடித்துவிட்டார். சயனைடு விஷம் ஏறியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்றும் இதே ஹைப்போதான். சயனைடில் வேலை சீக்கிரம் முடியும், கழுவுவதும் சுலபம் என்பதால் பலர் அதை விடவில்லை.

உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததாலேயே நடந்த ஒரு பெரிய கண்டுபிடிப்பும் உண்டு. ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் ஒரு ஆங்கில டாக்டர். மைக்ராஸ்கோப்பில் தெரிவதைப் போட்டோ எடுப்பது அவருக்குப் பிடித்த வேலை. கொலோடியனில் இருந்து வரும் ஈத்தர் ஆவி அவர் உடம்பைக் கெடுத்தது. அதற்கு மாற்றுத் தேடித்தான் ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து பார்த்து, 1871-ல் பத்திரிகையில் எழுதினார். உலர்ந்த தகடு, பிலிம், எக்ஸ்ரே எல்லாமே அந்த வழியில் வந்தவை. ஒரு மனிதர் தன் மூச்சுத் திணறலைச் சும்மா விடாததால் கிடைத்தது என்று சொன்னால் தப்பில்லை.

நம்ம பக்கம் இந்தக் கலை சீக்கிரமே வந்துவிட்டது. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் பிறகு போட்டோகிராபியும் சொல்லிக்கொடுத்தார்கள். 1856-ல் சென்னை அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாகச் சேர்த்தார். நம் வெயிலில், காற்றுப் புகாத இருட்டில், சில்வர் நைட்ரேட்டையும் அமிலத்தையும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பாத்ரூமே இருட்டறை

நம் காலத்துக்கு வருவோம். 1960-ல் மத்திய அரசு நிறுவனமாக ஆரம்பித்து, 1967-ல் ஊட்டியில் உற்பத்தி தொடங்கியது ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் சின்ன ஊர்களுக்கும் வந்தன. (1996-ல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பிறகு மூடியே போய்விட்டது.) ஸ்டுடியோக்காரர்கள் மட்டுமல்ல, கல்லூரிப் பையன்களும் வாத்தியார்களும் வீட்டிலேயே படம் கழுவ ஆரம்பித்தார்கள். பாத்ரூமில் சிவப்பு பல்பு, கதவிடுக்கில் கிழிந்த வேட்டி, மூன்று தட்டு. டெவலப்பர், அசிட்டிக் ஆசிட் கலந்த தண்ணீர், ஹைப்போ. முடிந்தது இருட்டறை!

முதல் தட்டு டெவலப்பர். உலகம் முழுக்கப் பயன்பட்ட டி-76 கலவையில் ஒரு லிட்டருக்கு 2 கிராம் மெட்டால், 5 கிராம் ஹைட்ரோகுவினோன், 100 கிராம் சோடியம் சல்ஃபைட், 2 கிராம் வெங்காரம். அளவில் மெட்டால் கொஞ்சம்தான். ஆனால் தோலைப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். முதல் நாளே ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கை நனைந்த பிறகு ஒரு நாள் உடம்பு அதை எதிரியாக முடிவு கட்டிவிடும். அதன் பிறகு துளி பட்டாலும் அரிப்பு, கொப்புளம், வெடிப்பு. சிமெண்டில் இருக்கும் குரோமியத்தால் கொத்தனார்களின் கை பாழாவதும் இதே கணக்குதான். இதற்கும் மாற்று வந்தது. இல்ஃபோர்டு நிறுவனம் 1940-களில் கண்டுபிடித்த ஃபெனிடோன் தோலை அவ்வளவாகப் படுத்தாது. ஆனால் நம் பெரியவருக்கு வந்ததோ கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்த வெள்ளைப் பவுடர். அதில் எச்சரிக்கையா எழுதியிருக்கும்?

மூன்றாவது தட்டு ஹைப்போ. தனியாக இருந்தால் சாதுவான உப்பு, பார்க்கக் கற்கண்டு போல இருக்கும். (குழந்தைகள் உள்ள வீட்டில் அதுவே ஒரு ஆபத்து.) இரண்டாவது தட்டின் ஆசிட் அதில் சேரச் சேர சல்ஃபர் டைஆக்சைடு கிளம்பும். "உள்ள போனா தொண்டை கரகரன்னு இருக்கும், வெளிய வந்தா சரியாயிடும்" என்று பெரியவர் சொன்னது இதைத்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வெளியே வந்தாலும் சரியாகாது.

கல்யாணப் படத்துக்குப் பழுப்பு நிறம் கொடுப்பார்களே, அதற்கு சோடியம் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிலிருந்து வருவது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பதுதான் அதன் பயங்கரம். கலர் வந்தபோது டெவலப்பரும் மாறியது. தலைமுடிக்குப் பூசும் கருப்பு மையில் இருக்கும் பிபிடி குடும்பத்தைச் சேர்ந்த கெமிக்கல்கள் அதில். அவையும் தோலைப் பிடிப்பவை.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைகளும் இதற்கு விலக்கு இல்லை. எக்ஸ்ரே டெவலப்பரில் சேர்த்த குளூட்டரால்டிஹைடு முதலிய கெமிக்கல்களால் ரேடியோகிராபர்களுக்கு மூச்சிரைப்பு, தலைவலி, தொண்டைப்புண் வருவதை 1980-களில் நியூசிலாந்தில் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு 'இருட்டறை நோய்' என்றே பெயர் வந்தது.

சட்டத்தின் கண்ணில் படாதவர்கள்

1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் காற்றோட்டம், புகை, பாதுகாப்பு எல்லாம் இருந்தது. 'குரோம் புண்' கூட அதன் நோய்ப் பட்டியலில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் மின்சாரம் வைத்து 10 பேர், இல்லாமல் 20 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. ஒரு ஆளும் ஒரு பையனும் நடத்திய ஸ்டுடியோ அதில் வருமா? வீட்டு பாத்ரூம் வருமா? நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு டிரம் கெமிக்கல் வந்தால் கூடவே பக்கம் பக்கமாகப் பாதுகாப்புத் தாள் வருகிறது. அதே கெமிக்கலை ஐம்பது கிராம் பொட்டலமாக வாங்கியவருக்கு ஒன்றும் கிடையாது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. நம் சாயப்பட்டறைகளில், ஆவி பறக்கும் தொட்டி மேல் குனிந்து பட்டு நூலைத் திருப்பித் திருப்பிப் போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பட்டுக்குச் சாயம் ஏற ஊற்றுவதும் அதே அசிட்டிக் ஆசிட்தான். 1997-ல் மத்திய அரசு 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. அதற்கு முன் அந்தச் சாயங்களில் கை நனைத்தவர்களிடம் யாராவது வந்து விவரம் சொன்னார்களா? பெரிய தொழிற்சாலையாக இருந்தாலும் கடைசியில் என்ன நடக்கும் என்பதற்கு ராணிப்பேட்டை இருக்கிறது. மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு மலை போலக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. "பழைய பட்டுப்புடவை, வெள்ளி ஜரிகை வாங்குறது..." என்று தெருவில் கூவிப் போவார்களே, அவர்கள் ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பது நமக்குத் தெரியும். பழைய ஹைப்போவிலும் எக்ஸ்ரே பிலிமிலும் கூட வெள்ளி இருக்கிறது. அதையும் வாங்கிப் போய் வெள்ளி பிரித்தார்கள். விற்காத ஹைப்போ சாக்கடையில் போனது. தண்ணீரில் கரைந்த வெள்ளி மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. ஏற்கனவே சாயத்தண்ணீரைச் சுமந்த வேகவதிக்கு அதுவும் சேர்ந்தது.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இருட்டறையில் வேலை செய்த எல்லோருக்கும் நோய் வந்துவிடவில்லை. எப்போதாவது நாலு படம் கழுவுவதற்கும் முப்பது வருடம் தினமும் கழுவுவதற்கும் வித்தியாசம் உண்டு. இப்போது பிலிம் மேல் திரும்பவும் ஆசை வந்து, வீட்டில் கழுவிப் பார்க்க நினைப்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல மேலே வருவதைப் பார்ப்பது தனி சுகம். சில விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள்.

கையை நனைக்காதீர்கள். இடுக்கி, நைட்ரில் கையுறை இரண்டும் வேண்டும். பவுடரைக் கரைக்கும்போது மூக்கை மூடுங்கள். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றாதீர்கள். சமையலறையில் வேண்டாம். அங்கே எடுத்த பாத்திரம் திரும்ப அங்கே போகக் கூடாது.

காற்றுக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்குப் பத்துத் தடவை அறைக் காற்று மாற வேண்டும் என்பார்கள். 6 அடிக்கு 8 அடி, உயரம் 9 அடி என்றால் 432 கன அடி. மணிக்கு 4,320, அதாவது நிமிடத்துக்கு 72 கன அடி. சாதாரண 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இதைவிட அதிகமாகவே இழுக்கும். வெளிச்சம் வந்துவிடும் என்றுதான் அன்று ஃபேன் வைக்கவில்லை. இரண்டு வளைவு உள்ள குழாய், உள்ளே கருப்புப் பெயிண்ட். காற்று போகும், வெளிச்சம் வராது. உள்ளே காற்று வர இன்னொரு பக்கமும் அதே போல ஒரு வழி விடுங்கள்.

பழைய ஹைப்போவைச் சாக்கடையில் கொட்டாமல் பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். அதில் துருப்பிடிக்கும் இரும்பு நாரைப் போட்டு வைத்தால் வெள்ளி அடியில் சேறாகத் தங்கும். (எவர்சில்வர் நார் உதவாது.) தாத்தாவின் பரணில் பெயர் தெரியாத பாட்டில் கிடைத்தால் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள், ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள். நம் கெமிஸ்ட்ரி வாத்தியார்களிடம் காட்டுங்கள்.

கடைசியாக, மூத்த மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் குரூப் போட்டோவின் பின்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். ஸ்டுடியோ ஸ்டாம்ப் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். கண்காட்சியில் ஒவ்வொரு படத்தின் கீழும் நம் பெயர்கள் இருக்கின்றன. அதைக் கழுவியவர் பெயரையும் சேர்க்க வேண்டும். பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன். "வரேன் தம்பி, சேர் மட்டும் முன்னாடி போடுங்க, நிக்க முடியாது" என்றார். இத்தனை வருடம் நம்மையெல்லாம் வரிசையாக உட்கார வைத்தவர் அவர். இந்தத் தடவை முதல் வரிசையில் அவரை உட்கார வைப்போம்.