கிளாக்வைஸ் என்றால் எந்தப் பக்கம்?

'கிளாக்வைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வயது ஒன்றும் அதிகமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. இதிலுள்ள 'வைஸ்' அறிவைக் குறிப்பதல்ல. 'விதமாக', 'வழியாக' என்று பொருள். அதாவது கடிகார முள் போகும் வழி. எதிர்த்திசையை இங்கிலாந்தில் 'ஆன்டி கிளாக்வைஸ்' என்பார்கள். அமெரிக்காவில் 'கவுன்டர் கிளாக்வைஸ்'.

அதற்கு முன்பு 'சன்வைஸ்', அதாவது சூரியன் போகும் வழி என்ற சொல் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை 'டீசில்' என்றார்கள். எதிர்வழிக்கு 'விடர்ஷின்ஸ்'. அப்படிச் சுற்றுவது ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. 'டீசில்' என்பதன் வேர்ச்சொல் வலப்பக்கத்தையும் தெற்கையும் சேர்த்தே குறிக்கும். லத்தீன் 'டெக்ஸ்டர்', சமஸ்கிருத 'தட்சிணம்' இரண்டும் அதே வேரில் பிறந்தவை. கிழக்குப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு, அவ்வளவுதான் கணக்கு. நாம் செய்யும் பிரதட்சிணத்திலும் அந்தத் தட்சிணம்தான் இருக்கிறது.

கடிகார முள் ஏன் அப்படிச் சுற்றுகிறது? ஐரோப்பாவில் சூரியக் கடிகாரத்தின் நிழல் காலையில் மேற்கே, நடுப்பகலில் வடக்கே, மாலையில் கிழக்கே விழும். இயந்திரக் கடிகாரம் செய்தவர்கள் அந்தப் பழக்கத்தையே பின்பற்றினார்கள் என்பது பொதுவான விளக்கம். ஆனால் இது மாற்ற முடியாத சட்டமில்லை. இத்தாலியின் பிளாரன்ஸ் பேராலயத்தில் 1443-இல் பாவ்லோ உச்செல்லோ வரைந்த கடிகார முகப்பில் முள் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள பொலிவியாவில் 2014-இல் நாடாளுமன்றக் கட்டடக் கடிகாரத்தையே திருப்பி ஓடவிட்டார்கள்.

நம் ஊருக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு ஒரே விதி: மலை உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே. அங்கிருந்து தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி மறுபடி கிழக்குக்கு வருகிறோம். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று எட்டு லிங்கங்களும் அதே வரிசையில் எட்டுத் திசையைச் சொல்கின்றன. மேற்கே இருக்கும் நம் அடி அண்ணாமலையைக் கடக்கும்போதும் மலை வலப்பக்கம்தான். முதல் முறை வருபவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பௌர்ணமி இரவில் தடுமாறுவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் பூங்காவைச் சுற்றிய நடைபாதையில் 'கிளாக்வைஸ் மட்டும்' என்று பலகை வைத்திருக்கிறோம். செல்போனில் எண்ணாக மணி பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு முள் எந்தப் பக்கம் சுற்றும் என்பது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. எதிரே சைக்கிளில் வருகிறார்கள். அந்தி நேரத்தில் நடக்கும் பெரியவர்கள் ஒதுங்க வேண்டியிருக்கிறது. ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு வருந்திப் பயனில்லை.

பலகையை மாற்றலாம் என்பது என் யோசனை: 'பூங்கா உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும்' என்று எழுதி, கீழே ஓர் அம்புக்குறி. பெயின்ட் செலவு மட்டும்தான். அடுத்த சங்கக் கூட்டத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.