பெயர் உண்டு, பாதை இல்லை

கட்டளைவரியில் 'எல்எஸ்' எனத் தட்டினால் கோப்புகளின் பெயர்கள் வந்து நிற்கும். அவற்றின் முழுப்பாதை வராது. புதிதாகப் பயில்வோர் இதை ஒரு குறையாகவே கருதுவர். இதன் வேர் யூனிக்ஸின் பிறப்பிலேயே இருக்கிறது.

1961இல் எம்ஐடியில் செயல்விளக்கம் பெற்ற சிடிஎஸ்எஸ் அமைப்பில் பட்டியலிடும் கட்டளை 'லிஸ்ட்எஃப்'. அடைவுக்குள் அடைவு என்னும் ஏற்பாடு அங்கில்லை. ஆகவே பெயரே போதுமானதாயிருந்தது. கிளைவிட்ட மரம்போன்ற கோப்பமைப்பை மல்டிக்ஸுக்காக டேலியும் நியூமனும் 1965இல் ஒரு கட்டுரையில் விரித்துரைத்தனர். மல்டிக்ஸ் பாதைகளில் பெயர்களைப் பிரித்தது சாய்கோடன்று, கணிதத்தின் 'பெரிது' குறி. 'லிஸ்ட்' கட்டளைக்கு 'எல்எஸ்' என்ற சுருக்கமும் அங்கேயே வழங்கியது.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 கணினியில் தொடங்கிய யூனிக்ஸில் அடைவுகள் இருந்தன, பாதைப்பெயர்கள் இல்லை. பிறரது அடைவிலுள்ள கோப்பு வேண்டுமெனில் முதலில் அந்த அடைவுக்கு ஓர் இணைப்பு, பின்பு கோப்புக்கு ஓர் இணைப்பு, முடிவில் முதல் இணைப்பை அழித்தல் எனச் சுற்றிவர வேண்டும். ரிட்சியே இதைப் பின்னாளில் எழுதிவைத்தார். அமைப்பு பிடிபி-11க்குப் பெயர்ந்த பிறகே சாய்கோட்டுப் பாதைகள் வந்தன.

ஆயினும் அடித்தளம் மாறவில்லை. யூனிக்ஸில் அடைவு என்பது பெயரையும் எண்ணையும் இணைக்கும் ஓர் அட்டவணை மட்டுமே. அவ்வெண் சுட்டும் ஐநோடு என்னும் பதிவில் அளவு, உரிமையாளர், நாள் ஆகியன உண்டு. கோப்பின் பெயர்கூட அதில் இல்லை, பாதை எங்ஙனம் இருக்கும்? ஒரே கோப்புக்கு இரண்டு அடைவுகளில் இரண்டு பெயர்கள் இருக்கலாம். இரண்டும் சம உரிமையுடையவை. அந்நிலையில் 'இக்கோப்பின் முழுப்பாதை எது?' என்ற வினாவுக்கு ஒற்றை விடை கிடையாது. தான் நிற்கும் இடத்தைச் சொல்லும் 'பிடபிள்யூடி' கட்டளையும் தொடக்கத்தில் தாயடைவுக்கு ஏறி, தன் எண்ணை அதன் அட்டவணையில் தேடிப் பெயரறிந்து, வேர்வரை இப்படியே ஏறித்தான் பாதையைத் தொகுத்தது.

எம்எஸ்-டாஸின் கதை வேறு. 1981இல் வெளிவந்த முதற்பதிப்பில் உள்ளடைவுகளே இல்லை. 1983இன் 2.0 பதிப்பில் அவை வந்தபோது, சாய்கோடு ஏற்கெனவே கட்டளை விருப்பங்களுக்குப் போய்விட்டிருந்ததால் பாதைக்குப் பின்சாய்கோடு வாய்த்தது. (இன்றளவும் இரு முகாம்களுக்கும் இடையே தொடரும் எரிச்சல் இது.) அங்கே ஒரு கோப்புக்கு ஓரிடமே, எனவே முழுப்பாதையும் ஒன்றே. 'டிஐஆர்' கட்டளையுடன் 'எஸ்', 'பி' விருப்பங்களைச் சேர்த்தால் அது அப்படியே வந்துவிடும்.

யூனிக்ஸ் வழியில் 'எல்எஸ்' கட்டளைக்குப் பெரிய 'ஆர்' விருப்பத்தைக் கொடுத்தாலும் அடைவின் பெயர் தலைப்பாகவும் கோப்புப் பெயர்கள் அதன்கீழ்த் தனியாகவுமே வரும். 'ஃபைண்ட்' கட்டளையோ தான் நடந்த வழியைச் சொல்லும். புள்ளியிலிருந்து தொடங்கச் சொன்னால் ஒவ்வொரு வரியும் புள்ளியில் தொடங்கும். வேரிலிருந்து எழுதிய பாதையைத் தந்தால் முழுப்பாதையே கிட்டும்.