வளரும் நாடுகளின் வரிச் சீர்திருத்தமும் பன்னாட்டு ஒத்துழைப்பும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடுகள் பலவற்றின் வரிச் சட்டங்களில் வெளிநாட்டு வல்லுநர்களின் பங்கு உண்டு. தொடக்கத்தில் இது தனிமனிதர்களின் பணியாக இருந்தது. அமெரிக்கப் பொருளியலாளர் கார்ல் ஷூப் 1949இல் ஜப்பானுக்கும், பின்னர் வெனிசுவேலா, லைபீரியாவுக்கும் ஆய்வுக் குழுக்களுடன் சென்றார்.

இந்தியாவுக்கு 1956இல் வந்தவர் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர். செல்வ வரி, நன்கொடை வரி, செலவு வரி ஆகியவற்றைக் கொண்டுவரவும், வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதமாகக் குறைக்கவும் பரிந்துரைத்தார். புதிய வரிகளை ஏற்ற அரசு, அந்த அளவு விகிதக் குறைப்பை ஏற்கவில்லை. செலவு வரிக்கான கணக்கு எளிதல்ல: ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவர் கையிலும் வங்கியிலும் இருந்த பணம், அவ்வாண்டின் வருமானம், வாங்கிய கடன், சேமிப்பு, ஆண்டு முடிவில் எஞ்சிய இருப்பு என எல்லாவற்றையும் அதிகாரி சரிபார்த்தால்தான் செலவு எவ்வளவு என்று தெரியும். வசூலோ சொற்பம். 1962இல் கைவிடப்பட்டு, 1964இல் மீண்டும் வந்து, 1966இல் ஒழிந்தது. கால்டோரின் யோசனைப்படி இலங்கையும் 1959இல் செலவு வரி விதித்தது. அங்கும் அது நிலைக்கவில்லை.

அறிக்கை எழுதியவர் ஊர் திரும்பிவிடுவார். மக்களிடம் போய் வசூலிக்க வேண்டியவர் உள்ளூர் அதிகாரிதான். ஆலோசகர்கள் நீண்ட காலம் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

சர்வதேச நாணய நிதியம் 1964இல் நிதி விவகாரத் துறையைத் தொடங்கியபின் ஆலோசனை நிறுவனமயமானது. அதன் முதன்மைப் பரிந்துரையாக மதிப்புக் கூட்டு வரி நாடு நாடாகப் பரவியது. கானா 1995 மார்ச்சில் 17.5 சதவீதத்தில் அதை அமல்படுத்தியது. விலைகள் ஏறின. மே மாதம் தலைநகர் அக்ராவில் பெருந்திரளானோர் வீதியில் இறங்கினர், உயிர்கள் பலியாயின. சில வாரங்களில் அரசு வரியைத் திரும்பப் பெற்றது. 1998 டிசம்பரில் 10 சதவீதத்தில், சிறு வணிகர்களை விலக்கி, பொதுமக்களுக்கு விளக்கிச் சொல்லி மீண்டும் கொண்டுவந்தபோது வரி நிலைத்தது.

சோவியத் ஒன்றியம் சிதறியபின் உருவான நாடுகளின் சிக்கல் வேறு. அதுவரை அரசு ஆலைகளிலிருந்தே வருவாய் வந்ததால், கோடிக்கணக்கான தனியாரிடம் வரி வசூலித்த அனுபவம் அவற்றுக்கு இல்லை. ரஷ்யா 1992 ஜனவரியில் 28 சதவீத மதிப்புக் கூட்டு வரி விதித்து, மறு ஆண்டே 20ஆகக் குறைத்தது. எஸ்தோனியா 1994இல் அனைவருக்கும் 26 சதவீதம் என ஒரே வருமான வரி விகிதத்தை வைத்தது.

2015இல் தொடங்கிய ‘எல்லைகளற்ற வரி ஆய்வாளர்கள்’ திட்டம் பழைய பாடத்தைக் கற்றுக்கொண்ட முயற்சி. அனுபவமுள்ள தணிக்கையாளர் உள்ளூர் அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் உண்மையான கோப்புகளைச் சேர்ந்தே பரிசீலிக்கிறார். அறிக்கைகளைவிட இது பயனுள்ள உதவி.

ஆனால் விதிகளை வகுப்பது யார் என்ற கேள்வி தீரவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் முன்னெடுப்பில் 2021இல் உருவான உலக வரி உடன்பாட்டில் கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நான்கும் சேரவில்லை. ஆப்பிரிக்க நாடுகளின் வலியுறுத்தலால் இப்பொருள் ஐ.நா.வுக்குச் சென்றது. வரி ஒத்துழைப்பு உடன்படிக்கைக்கான வரையறைகளை 2024 டிசம்பரில் பொதுச்சபை ஏற்றபோது 119 நாடுகள் ஆதரித்தன; 9 நாடுகள் எதிர்த்தன. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா பேச்சுவார்த்தையிலிருந்து வெளியேறியது. மற்ற நாடுகள் 2027ஐ இலக்காக வைத்துப் பேச்சைத் தொடர்ந்தன.