கோரமண்டல் தட்டியும் சோழமண்டலமும்: ஒரு பெயர் வரலாறு

1. முன்னுரை

காட்சியகக் கையேடுகளைத் தமிழாக்குவோர் 'கோரமண்டல் ஸ்கிரீன்' என்னும் தொடரை அவ்வப்போது எதிர்கொள்கின்றனர். பொன்முடியில் தங்கி அத்தகைய கையேடு ஒன்றை மொழிபெயர்த்தபோது, இக்கட்டுரையாளரும் முதலில் அதனைச் 'சோழமண்டல அரக்குத் திரை' என்றே எழுதினார். இத்தொடரின் மூன்று சொற்களும் பொருந்தாதவை என்பது பின்னரே புலனாயிற்று. அப்பொருள் சோழமண்டலத்தில் செய்யப்பட்டதன்று. அதன் பூச்சு அரக்கன்று. அது திரையும் அன்று. இம்மூன்று பிழைகளும் எவ்வாறு நேர்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. பொருளோடு சென்ற பெயர்

மடக்கி விரிக்கத்தக்க பல பலகங்களைக் கொண்ட தடுப்பினை ஜப்பானியர் 'பியோபு' என்பர். 'காற்றுத் தடுப்பு' எனப் பொருள்படும் சீனச் சொல்லின் ஜப்பானிய ஒலிப்பு இது. கி.பி. 686இல் கொரியாவின் சில்லா அரசிலிருந்து வந்த பரிசுகளில் இது இடம்பெற்றதை 'நிஹோன் ஷோகி' குறிப்பிடுகிறது. தொடக்கத்தில் பலகங்கள் தோல் அல்லது பட்டுக் கயிறுகளால் பிணைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் தனிச் சட்டம் பெற்றிருந்தது. பிற்காலத்தில் தாள் கீல்கள் வழக்கிற்கு வந்ததும், ஆறு பலகங்களும் இடைவெளியற்ற ஒரே ஓவியப் பரப்பாயின.

1543இல் போர்ச்சுகீசியர் ஜப்பானை அடைந்தனர். 'பியோபு' அவர்கள் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் 'பியோம்போ' ஆயிற்று. 1581இல் ஓடா நொபுனாகா, இயேசு சபைத் துறவி வலிஞானோவுக்கு ஓர் இணைத் தட்டியைப் பரிசளித்தார். 1582இல் நாகசாகியிலிருந்து புறப்பட்டுக் கொச்சி, கோவா வழியாகச் சென்ற ஜப்பானியத் தூதுக்குழுவினரால் 1585இல் அது உரோமையில் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரிக்கு அளிக்கப்பட்டது. இங்குப் பெயரும் பொருளும் பிரியாமல் பயணம் செய்தன.

3. வழியில் ஒட்டிய பெயர்

கோரமண்டல் தட்டியின் வரலாறு வேறு. இது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காங்சி பேரரசர் காலத்தில் (1662-1722) சீனாவில் பெருகிய கைவினைப் பொருள். பலகையில் அடிப்பூச்சு இட்டு, அதன்மேல் பெரும்பாலும் கரிய மெருகு பூசி, உருவங்களைக் குடைந்து, குடைந்த பள்ளங்களில் வண்ணம் நிரப்புவர். பன்னிரண்டு பலகங்கள் கொண்டவை மிகுதி.

ஐரோப்பிய வணிகக் கும்பினிகள் இவற்றைச் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களின் வழியே கொண்டு சென்றன. அதனால் கரையின் பெயர் சரக்கின் பெயராயிற்று. இதற்கு முன்னரே, சாவகத்தின் பாண்டம் துறைமுகத்தை ஒட்டிப் 'பாண்டம் வேலைப்பாடு' என்னும் பெயர் ஆங்கிலத்தில் வழங்கியது. 1688இல் ஸ்டாக்கர், பார்க்கர் ஆகியோர் வெளியிட்ட மெருகுக் கலை நூலில் அப்பெயர் காணப்படுகிறது. ஆங்கிலக் கும்பினி பாண்டத்தை இழந்தது 1682இல். துறைமுகம் மாறினால் பெயரும் மாறும் என்பதற்கு இது தக்க சான்று. செய்தவர் நாடு இரு பெயர்களிலும் இல்லை.

'சோழமண்டலம்' என்பதே 'கோரமண்டல்' எனத் திரிந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. ஆயினும் சொல்லின் மூலம் பொருளின் மூலம் ஆகாது. மூலச்சொல்லை மீட்கும் ஆர்வத்தில் 'சோழமண்டலத் தட்டி' என எழுதினால், சீனக் கைவினைஞரின் உழைப்பை நம் நாட்டார்க்கு உரியதாக்கிய குற்றம் நேரும்.

4. அரக்கும் மெருகும்

'லாக்கர்' என்னும் சொல் 'லாக்ஷா' என்னும் இந்தியச் சொல்லிலிருந்து போர்ச்சுகீசியம் வழியாகப் பரவியது. எனவே அதனை 'அரக்கு' எனப் பெயர்ப்பது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அரக்கு பூச்சியின் சுரப்பு, வெப்பத்தில் இளகுவது. சென்னபட்டணப் பொம்மைகளில் பூசப்படுவது இதுவே. கிழக்காசியத் தட்டிகளில் பூசப்படுவதோ ஒருவகை மரத்தின் பால்; ஈரக்காற்றில் இறுகி, இறுகியபின் வெப்பத்தால் இளகாதது. இதனை 'மரப்பால் மெருகு' எனலாம்.

5. திரையும் தட்டியும்

சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறும் மூவகை எழினிகளும் துணியாலானவை. கதகளியில் இருவர் பிடிக்கும் 'திரச்சீல'யும் அவ்வாறே. திரை தொங்குவது, விலக்கப்படுவது. பியோபு தானே நிற்பது, மடக்கப்படுவது. நம் வீடுகளில் இடத்தைப் பிரிக்க நிறுத்தப்படும் 'தட்டி'யே இதற்கு நெருங்கிய சொல். 'மடக்குக் கத்தி' என்பதை ஒப்ப 'மடக்குத் தட்டி' என்பது இயல்பாக அமைகிறது.

6. முடிவுரை

பொருட்பெயர்கள் சில பிறந்த இடத்தையும், சில கடந்து வந்த வழியையும் காட்டுகின்றன. முன்னதற்குப் 'பியோம்போ'வும் பின்னதற்குக் 'கோரமண்டல்' என்பதும் எடுத்துக்காட்டுகள். வணிகப் பெயரை 'கோரமண்டல் தட்டி' என ஒலிபெயர்த்து நிறுத்தி, 'சீன நாட்டு மரப்பால் மெருகு மடக்குத் தட்டி' என ஒருமுறை விளக்கிவிடுவதே நேர்மையான மொழிபெயர்ப்பு நெறி எனலாம்.